ஓர் ஓவியமும் பன்னிரண்டாயிரம் பேரும்

இங்கிலாந்தில் முதுகலை பயின்ற காலத்தில், விக்டோரியா மகாராணி காலத்து ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையும் அதை வரைந்தவரையும் பற்றி ஒரு பருவம் முழுவதும் ஆராய்ந்து கட்டுரை எழுதுவது நமக்கு இடப்பட்ட பணியாக இருந்தது. ஆசிரியர் நாற்பது ஓவியங்களின் பட்டியலைக் கொடுத்தார். உடன் பயின்றோரில் பலர் கவிதைகளிலும் காவியங்களிலும் வரும் பெண்களின் படங்களையே நாடினர். நாம் தெரிவு செய்தது எலிசபெத் பட்லர் என்னும் பெண்மணி 1879இல் காட்சிக்கு வைத்த ‘ஒரு சேனையின் மிச்சங்கள்’. தலைப்பை அடுத்து ‘ஜலாலாபாத், ஜனவரி 13, 1842’ என்று இருந்தது. பட்டியல் முழுவதிலும் நம் காதுக்குப் பழகிய ஊர்ப்பெயர் அது ஒன்றுதான். தெரிவுக்குக் காரணமும் அவ்வளவுதான்.

உருவப்படங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை அறிந்த வாசகர்கள் இங்கே புருவம் உயர்த்தக்கூடும். அந்த விவாதம் நமக்கும் தெரியும். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அன்று, வரலாற்றுச் சான்றாக வாசிப்பதற்காகவே அதன் முன் அமர்ந்தோம். மேலே செல்வோம்.

ஆசிரியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓவியத்தைப் பற்றி எதையும் படிப்பதற்கு முன் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். ‘சோகம்’, ‘வீரம்’ போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடமில்லை. ஆகவே நம் குறிப்பேட்டின் முதல் பக்கம் மிகவும் வறட்சியாக இருக்கும். வெட்டவெளி. கரடுமுரடான தரை. தொலைவில் மலைத்தொடர். நடுவே ஒரு குதிரை; தலை தாழ்ந்து, கால்கள் தளர்ந்து, இன்னொரு அடி எடுத்து வைக்குமா என்று ஐயுறும்படி நிற்கிறது. அதன்மேல் ஒரு மனிதன். உட்கார்ந்திருக்கிறான் என்பதைவிடச் சரிந்திருக்கிறான் என்பதே பொருந்தும். வெகு தொலைவில் ஒரு கோட்டை. அதன் வாயிலிலிருந்து புள்ளிகளைப் போன்ற குதிரைவீரர்கள் வெளிப்படுகிறார்கள். வேறு எவரும் இல்லை.

பக்கத்தின் அடியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தோம்: தலைப்பு பன்மை, படத்தில் இருப்பவர் ஒருவர், மற்ற மிச்சங்கள் எங்கே?

அதன்பின் நூலகம். படத்திலுள்ளவர் வில்லியம் பிரைடன். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் உதவி அறுவை மருத்துவர். 1839இல் ஆங்கிலேயர் ஆப்கானிஸ்தானுக்குள் படை நடத்திச் சென்று, தோஸ்த் முஹம்மது கானை அகற்றி, ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்தினார்கள். ஈராண்டுகள் காபூலில் குதிரைப் பந்தயமும் கிரிக்கெட்டுமாக வாழ்ந்தார்கள். 1841 நவம்பரில் நகரம் கிளர்ந்தெழுந்தது. டிசம்பரில், தோஸ்த் முஹம்மதின் மகன் அக்பர் கானுடன் பேச்சுவார்த்தைக்குச் சென்ற ஆங்கிலத் தூதர் மக்நாட்டன் கொல்லப்பட்டார். 1842 ஜனவரி 6ஆம் நாள், பனி மூடிய பாதையில் படை காபூலை விட்டுப் புறப்பட்டது. ஜலாலாபாத் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஒரு வாரம் கழித்து, 13ஆம் நாள், அந்தக் கோட்டையின் மீதிருந்து நோக்கியவர்களின் கண்ணில் பட்டவர் பிரைடன் ஒருவரே.

அவர் பிழைத்த கதையை ஆங்கிலேயர் விருப்பத்தோடு சொல்வார்கள். ஆப்கானியரின் வெட்டு ஒன்று தலையில் விழுந்தபோது, தொப்பிக்குள் குளிருக்காகத் திணித்து வைத்திருந்த ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழ் அதைத் தாங்கிக்கொண்டது. மண்டை ஓட்டில் ஒரு சிறு சில்லு மட்டுமே போயிற்று. குதிரையை இழந்து நின்றபோது, சாகும் தறுவாயில் இருந்த ஒருவர் தம் மட்டக்குதிரையைக் கொடுத்து அனுப்பினார். கோட்டைக்குள் லாயத்தில் கட்டியதும் அக்குதிரை படுத்தது; மீண்டும் எழவில்லை. பத்திரிகையின் பெயர் கதையில் நிலைத்துவிட்டது. குதிரையைக் கொடுத்தவரின் பெயரை, நாம் படித்தவற்றில் எங்கும் காணவில்லை.

இனி, எண்ணிக்கை. காபூலை விட்டுப் புறப்பட்டவர்கள் சுமார் 16,500 பேர். அவர்களில் போர்வீரர்கள் 4,500 பேர். அந்த 4,500இல் ஐரோப்பியர் ஏறத்தாழ 700 பேர்தான். எஞ்சியோர் இந்தியச் சிப்பாய்கள். மிச்சமுள்ள 12,000 பேரையும் ஆங்கில நூல்கள் ‘முகாமைப் பின்தொடர்வோர்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடும். குதிரை பராமரிப்போர், சமைப்போர், ஒட்டகமோட்டிகள், துணி வெளுப்போர், நோயாளிகளை டோலியில் சுமப்போர், இவர்களின் மனைவியர், குழந்தைகள். தோல் பையில் தண்ணீர் சுமந்து ஊற்றும் பிஹிஷ்திகளும் இவர்களுள் அடங்குவர். வட இந்தியாவில் வழிவழியாக இத்தொழில் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பிஹிஷ்த் என்ற பாரசீகச் சொல்லுக்குச் சுவர்க்கம் என்று பொருள். தாகத்துக்குத் தண்ணீர் தருபவனைச் சுவர்க்கவாசி என்று அழைத்த மக்கள், ஒரு மாத ஊதியத்துக்கு அவனைக் காபூல் பனிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இவர்களிடம் கம்பளிகூடப் போதுமான அளவில் இல்லை. முதல் இரவிலேயே கூடாரங்களின்றிப் பனியில் கிடந்து பலர் மாண்டனர். மூன்றாம் நாள் குர்த் காபூல் கணவாயில் மட்டும் சுமார் 3,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அடுத்த நாள், ஜனவரி 9ஆம் தேதி, ஆங்கிலேய அதிகாரிகளின் மனைவியரும் குழந்தைகளும் அக்பர் கானின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அதே ஆண்டு செப்டம்பரில் உயிருடன் மீண்டனர். அவர்களுள் ஒருவரான சீமாட்டி சேல் எழுதிய நாட்குறிப்பு மறு ஆண்டே நூலாக வெளிவந்தது. இந்தியப் பெண்களையும் குழந்தைகளையும் அந்த ஏற்பாட்டில் எவரும் சேர்க்கவில்லை. அவர்கள் நடந்தார்கள்.

ஆக, பிரைடன் ஒருவரே பிழைத்தார் என்பதும் உண்மையன்று. பிணைக்கைதிகள் பிழைத்தார்கள். சிப்பாய்களும் ஏவலாட்களும்கூடச் சிலர் பிழைத்தார்கள்; உறைபனியில் விரல்களையும் பாதங்களையும் இழந்து காபூல் தெருக்களில் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்களை, அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் திரும்பி வந்த ஆங்கிலப் படை கண்டது. ஓவியத்தின் தலைப்பிலுள்ள பன்மைக்கு உரியவர்கள் அவர்கள்தாம் என்று நாம் கட்டுரையின் முதல் வரைவில் எழுதினோம்.

ஓவியரைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. சொல்லப்போனால் அந்தப் பகுதிதான் நமக்கு எளிதாகவும் இனிமையாகவும் அமைந்தது. எலிசபெத் தாம்சன் 1846இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையே இரு பெண்மக்களுக்கும் ஆசானாக இருந்தார். இளைய மகள் ஆலிஸ் மெய்னெல் பிற்காலத்தில் கவிஞராகப் புகழ்பெற்றார். லண்டன் சவுத் கென்சிங்டனில் பெண்களுக்கான ஓவியப் பள்ளியில் பயின்ற எலிசபெத், பெண்கள் பூக்களையும் குழந்தைகளையும் வரைந்த காலத்தில் போர்வீரர்களை வரையத் துணிந்தார். 1874இல், கிரீமியப் போரில் பனியில் நிற்கும் காவற்படையினரின் பெயர் அழைக்கப்படும் காட்சியை வரைந்து ராயல் அகாடமியில் வைத்தபோது, கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு காவலரை அருகில் நிறுத்த வேண்டியதாயிற்று. மகாராணியே அதை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு வாட்டர்லூ காலத்துப் போர்க்களம் ஒன்றுக்காக, கம்பு போன்ற தானியம் விளைந்த ஒரு வயலையே தேடிப் பிடித்து, சிறுவர்களைக்கொண்டு மிதிக்கச் செய்து, கதிர்கள் எப்படி மடிகின்றன என்று பார்த்து வரைந்தார். பெண்ணால் ஓவியம் வரைய இயலாது என்ற எண்ணத்தோடு அதன் முன் வந்ததாகவே ஒப்புக்கொண்ட ரஸ்கின், அதைப் பாராட்டி எழுத நேர்ந்தது.

அவர் தம் வாழ்நாளில் ஒரு போரையும் நேரில் கண்டதில்லை. படையின் பெருமையைப் பாடுவதற்காக வரையவில்லை என்றும், போரில் அகப்பட்ட மனிதனின் துயரையும் உறுதியையும் காட்டவே வரைந்ததாகவும் முதுமையில் எழுதினார். இதை நாம் நம்புகிறோம். அவருடைய படங்களில் எதிரியின் மார்பில் கால் வைத்து நிற்கும் வீரன் இல்லை. களைத்தவர்கள், காயம்பட்டவர்கள், பெயர் அழைக்கப்படும்போது பதில் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். 1877இல் அவர் மணந்த வில்லியம் பட்லர் அயர்லாந்துக் கத்தோலிக்கர்; பேரரசின் படையில் பணியாற்றிக்கொண்டே பேரரசின் போர்களை ஐயத்துடன் நோக்கியவர். 1890இல் எலிசபெத், குடிசை இடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்ட ஓர் அயர்லாந்துப் பெண்ணை வரைந்தார். அதைப் பார்த்த பிரதமர் சாலிஸ்பரி பிரபு விருந்து மேடையில் கேலி பேசினார். ‘சேனையின் மிச்சங்கள்’ வைக்கப்பட்ட 1879இல்தான் ராயல் அகாடமியின் துணை உறுப்பினர் தேர்தலில் இரண்டே வாக்குகளில் தோற்றார். அந்தப் பதவியில் ஒரு பெண் அமர்வதற்கு 1922 வரை ஆயிற்று.

அந்த ஆண்டைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சியில் நாம் கண்டவற்றுள் நம்மை உட்கார வைத்துவிட்ட செய்தி அது. 1878 நவம்பரில் ஆங்கிலேயர் மீண்டும் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தார்கள். லண்டன் மக்கள் இந்த ஓவியத்தின் முன் நின்றுகொண்டிருந்த அதே 1879 மே மாதத்தின் 26ஆம் நாள், கந்தமக் என்னும் ஊரில் ஆப்கானியருடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1842இல் பின்வாங்கிய படையின் கடைசி ஆங்கிலேய அணி சூழப்பட்டு அழிந்த அதே கந்தமக். செப்டம்பரில் காபூலில் ஆங்கிலத் தூதர் கவக்னாரி கொல்லப்பட்டார். போர் மறுபடியும் மூண்டது. அத்தகைய ஆண்டில் 1842ஐ வரைந்து சுவரில் மாட்டுவது பழங்கதை பேசுவதாக இருந்திருக்க முடியாது. ஓர் எச்சரிக்கையாகவே அதைப் பார்க்கிறோம். ஆனால் அது ஆங்கிலேயருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை: போகாதே, உன் பிள்ளை இப்படித்தான் திரும்பி வருவான் என்பது.

வகுப்பில் இவற்றையெல்லாம் படித்துக் காட்டியபோது, காபூலில் பிறந்து சிறுவயதில் அகதியாக வந்த ஒரு சகோதரி எழுந்தார். எங்கள் நகரின் நடுவே வஸீர் அக்பர் கான் என்ற பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது, எங்கள் பாட்டிமார் சொன்ன கதையில் இந்த ஓவியம் ஒரு வெற்றியின் கடைசிக் காட்சி, அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நம் உள்ளமும் அவர் பக்கம் சாய்ந்தது. உலகின் பெரும்பேரரசு ஒரு மலைநாட்டு முஸ்லிம் மக்களிடம் தோற்ற நாள் அது. அதைக் கேட்கும்போது நெஞ்சில் எழும் பெருமிதத்தை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்து அவர் சொன்னதும் உண்மைதான். பழிவாங்க வந்த ஆங்கிலப் படை அதே 1842 அக்டோபரில் காபூலின் சார் சத்தா கடைவீதியை, முகலாயர் காலத்தில் அலி மர்தான் கான் கட்டியதை, இடித்துக் கொளுத்தியது. அந்தக் கடைவீதிக்காக லண்டனில் ஒருவர் தூரிகை எடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நாம் கேட்டது ஒன்றுதான். அந்தத் தண்ணீர் சுமப்பவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

அவர்கள் ஆக்கிரமிப்பாளருடன் வந்தவர்கள் என்றார் சகோதரி. அழைக்காமல் வந்தவர்களின் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்களும் அழைக்காமல் வந்தவர்களே அல்லவா என்றார். அதற்கு உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. அன்றிரவு விடுதி அறையில் ஹதீஸ் நூல்களைப் புரட்டினோம். ஒரு போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், முன்னணியில் இருந்த காலித் (ரலி) அவர்களுக்கு ஆள் அனுப்பி, பெண்களையும் கூலிக்கு வந்தவர்களையும் கொல்லக் கூடாது என்று தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அந்தக் கூலிக்காரர்கள் எதிரிப் படையோடு வந்தவர்கள். எதிரியிடம் ஊதியம் பெற்றவர்கள். அப்படியிருந்தும் அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. குர்த் காபூல் கணவாயின் பாறைகளுக்குப் பின்னால் நின்று சுட்டவர்களும் இதே நபியின் உம்மத்தினர்தாம். ஓவியர் அந்தப் பன்னிரண்டாயிரம் பேரைச் சட்டத்துக்கு வெளியே விட்டார் என்றால், நாம் பெருமையோடு சொல்லும் வெற்றிக் கதையும் அவர்களை அதே இடத்தில்தான் விட்டிருக்கிறது.

மறு வாரம் இதைச் சொன்னபோது சகோதரி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பசியும் குளிரும் கொன்றவர்களையும் எங்கள் கணக்கில் எழுதாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அது நியாயமான திருத்தம், கட்டுரையில் சேர்த்துக்கொண்டோம். எத்தனை பேர் கத்தியால் இறந்தார்கள், எத்தனை பேர் பனியால் இறந்தார்கள் என்பதை இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை பேர் முஸ்லிம்கள், எத்தனை பேர் இந்துக்கள் என்பதும் அப்படியே.

ஓவியத்தை நேரில் காணும் வாய்ப்பு எதிர்பாராமல் கிடைத்தது. அது டேட் தொகுப்பைச் சேர்ந்தது. 2015 நவம்பரில் லண்டன் டேட் பிரிட்டனில் ‘கலைஞரும் பேரரசும்’ என்ற கண்காட்சி தொடங்கியது. அதில் இதுவும் இருந்தது. இரண்டேகால் மீட்டருக்கு மேற்பட்ட அகலம். கணினித் திரையில் குதிரையும் மனிதனும் கண்ணை நிறைக்கிறார்கள்; நேரில் கண்ணை நிறைப்பது வெற்றிடம். அவர்களுக்குப் பின்னால் கிடக்கும் அந்த வெளி அவ்வளவு பெரிது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு தாய், ‘பாவம், அந்தக் குதிரை’ என்று சொல்லிவிட்டுப் போனார். பட்லர் சீமாட்டி கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். குதிரைகளை அவர் அவ்வளவு அன்போடு வரைந்தார்.

நாம் அந்த வெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வழியெங்கும் கிடந்தவர்களுக்குக் குளிப்பாட்டல் இல்லை, கஃபன் இல்லை, கபுரு இல்லை. ஜனாஸா தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்று சிறுவயதில் மதரஸாவில் படித்தோம்: ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய கடமையும் நீங்கும், ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள். ஊரே பாதையில் கிடந்து இறந்தால் யார் பொறுப்பாளி? இந்தக் கேள்வியை அன்று மாலை தொலைபேசியில் வாப்பாவிடம் கேட்டோம். நம் ஷாஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழ அனுமதி உண்டே, அவர்களில் முஸ்லிமாக இறந்தவர்களுக்காகத் தொழலாமா என்றோம்.

வாப்பா மார்க்கக் கல்வி கற்றவர் அல்லர். ஆனால் கேள்வியை எளிதில் தட்டிவிட மாட்டார். இரண்டு நாள் கழித்து, பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டதாகச் சொல்லி அழைத்தார். அவர்கள் இறந்த நாளில் அந்தத் தொழுகை கடமையாக இருந்தவர்களுக்கே அது கூடும். 1842இல் நீ பிறந்திருக்கவே இல்லை, ஆகவே உன்மீது அது இல்லை என்பது ஆலிம்சா சொன்ன தீர்ப்பு. “துஆவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையாம். அதையும் கேட்டு வைத்தேன்” என்றார் வாப்பா. பிறகு, “அவர்களில் ஒருவருடைய பெயராவது கிடைத்ததா?” என்று கேட்டார்.

நூலகத்தில் நாம் எடுத்த நூல்களில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசை வரிசையாக இருந்தன. எந்த நாளில் யார் எந்தக் கணவாயில் விழுந்தார் என்றுகூட இருந்தது. தண்ணீர் சுமந்த ஒருவரின் பெயரும் அவற்றில் இல்லை. இல்லை என்றோம்.

பிரைடன் வந்து சேர்ந்த பிறகு, ஜலாலாபாத் கோட்டைக்குள் இருந்தவர்கள் சில இரவுகள் மதிலில் விளக்கேற்றி, எக்காளம் ஊதினார்கள். வழி தவறியவர் எவரேனும் இருந்தால் ஓசையைக் கேட்டு வரட்டும் என்று. இதையும் வாப்பாவிடம் சொன்னோம். யாராவது வந்தார்களா என்றார். வெகு சிலர் என்றோம்.

“சரி, இஷாவுக்கு நேரமாகிவிட்டது. நீ அங்கே கேள், நான் இங்கே கேட்கிறேன்” என்று வைத்துவிட்டார்.